லிப்பிட் சவ்வு ஆய்வுக் குழுவில் யார் யார் இருப்பார்கள், இயற்பியல் படித்தவருக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி இதுதான்: "எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப் போகிறேன். லிப்பிட் சவ்வுகளின் உயிர் இயற்பியல் பற்றி ஆராயும் பல்கலைக்கழகக் குழு ஒன்றில் பி.எச்டி. சேரலாமா என்று யோசிக்கிறேன். உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் வேதியியல், இயற்பியல், உயிரியல், இன்ஜினியரிங் என்று எல்லாரும் கலந்திருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் என்ன செய்வார்கள்? பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்புறம் உயிரியல் பக்கமே போகாத நான் அங்கே என்ன செய்ய முடியும்?"

சேரலாம், தாராளமாகச் சேரலாம். நீங்கள் கவலைப்படும் அந்தக் கலவைதான் இந்தத் துறையின் இயல்பே. செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு சுமார் 4, 5 நானோமீட்டர் தடிமன் உள்ள, லிப்பிட் எனும் கொழுப்பு வகை மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக மட்டுமே அமைந்த ஒரு திரவத் தாள். அது இரண்டு அடுக்கு என்று 1925-இல் சொன்னவர்களே ஒரு குழந்தை மருத்துவரும் ஒரு வேதியியலாளரும்தான், ஹாலந்தின் லைடனில் இருந்த கோர்ட்டரும் கிரெண்டலும். அன்றிலிருந்து இன்றுவரை இந்தத் துறையில் "இதையே படித்துவிட்டு வந்தவர்" என்று யாரையும் காட்டுவது கஷ்டம், எல்லாரும் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்கு "கைடு இதைச் செய்வார், போஸ்ட்டாக் (பி.எச்டி. முடித்துவிட்டுச் சில வருடம் ஆராய்ச்சி செய்ய வருபவர்) அதைச் செய்வார்" என்று பதவி வாரியாகச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. நிஜமான ஒரு குழுவில் யார் என்ன செய்தார்கள், அங்கிருந்து எங்கே போனார்கள் என்று பார்த்தால்தான் பிடிபடும். எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கி சியாட்டில் வரை நீளும் ஒரு பரம்பரை. அதையே சொல்கிறேன்.

ஹார்டன் மெக்கானல் என்பவர் ஸ்டான்ஃபோர்டு வேதியியல் துறையில் 1964-இல் வந்து சேர்ந்தார். அதற்கு முன்னால் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்திலும் கால்டெக்கிலும் இருந்தவர், காந்த ஒத்ததிர்வின் கோட்பாட்டில் ஏற்கெனவே பெரிய பெயர் (அவர் பெயரிலேயே ஒரு சமன்பாடு இருக்கிறது). உயிரியலுக்கும் அவருக்கும் அதுவரை பெரிய தொடர்பு இல்லை. 1965 வாக்கில் அவர் குழு ஒரு யுத்தியைக் கொண்டுவந்தது: ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்றைச் சுமக்கும் நைட்ராக்சைடு என்ற சின்ன வேதித்தொகுதியை நமக்கு வேண்டிய மூலக்கூறில் ஒட்டிவிடுவது, அப்புறம் எலக்ட்ரான் பாரமேக்னடிக் ரெசனன்ஸ் கருவியில் வைத்து அந்த எலக்ட்ரானின் சிக்னலைப் பார்ப்பது. மூலக்கூறு வேகமாகச் சுழல்கிறதா, தள்ளாடுகிறதா, பக்கத்தில் இதே மாதிரி இன்னொன்று இருக்கிறதா என்பதெல்லாம் அந்த சிக்னலின் வடிவத்திலேயே தெரிந்துவிடும். ஸ்பின் லேபிள் என்று இதற்குப் பெயர்.

இப்போது உறுப்பினர்களைப் பாருங்கள். வேய்ன் ஹப்பெல் என்ற மாணவர் இந்த லேபிளை நரம்பு, தசைச் சவ்வுகளுக்குள் செலுத்தி, உள்ளே எவ்வளவு நெகிழ்வாக இருக்கிறது என்று பார்த்தார், 1968-இல் மெக்கானலோடு சேர்ந்து வெளியிட்டார். அடுத்து ரோஜர் கோர்ன்பெர்க். ஆம், நோபல் பரிசு பெற்ற ஆர்தர் கோர்ன்பெர்க்கின் மகன், அப்பா அதே ஸ்டான்ஃபோர்டில் உயிர்வேதியியல் பேராசிரியர். மகன் மெக்கானலிடம் பி.எச்டி. செய்தார். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிமையானது: சவ்வின் ஒரு பக்கத்தில் இருக்கும் லிப்பிட் மூலக்கூறு குட்டிக்கரணம் போட்டு மறு பக்கத்துக்குப் போகுமா, போனால் எவ்வளவு நேரமாகும்?

அவர் செய்த சோதனையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் இந்தத் துறையில் நல்ல வேலை எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான மாதிரி எனக்குத் தெரியாது. ஸ்பின் லேபிள் ஒட்டிய லிப்பிட்டைக் கலந்து, ஒலி அலையால் உடைத்து, மிகச் சின்ன வெசிக்கிள்களைச் செய்தார், அதாவது உள்ளே நீர், வெளியே நீர், நடுவில் ஒற்றைச் சவ்வு மட்டும் கொண்ட குமிழ்கள். அவற்றை ஐஸில் வைத்து, சுற்றியுள்ள நீரில் அஸ்கார்பேட்டைச் சேர்த்தார். நம் எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி தான். அது வெளி அடுக்கில் உள்ள நைட்ராக்சைடுகளைச் செயலிழக்கச் செய்யும், ஆனால் அந்தக் குளிரில் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. சிக்னலில் மூன்றில் இரண்டு பங்கு போல உடனே காணாமல் போயிற்று. குமிழ் அவ்வளவு சின்னதாக இருப்பதால் வளைவு அதிகம், வெளி அடுக்கில்தான் மூலக்கூறுகள் அதிகம், எனவே கணக்கு சரியாகவே வருகிறது. மிச்சம் இருக்கும் சிக்னல் உள் அடுக்கினுடையது. இனி வெப்பநிலையை ஏற்றிக் காத்திருந்து, உள்ளே இருப்பவை எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகின்றன என்று அளந்தால் போதும். 30 டிகிரியில் பாதி அளவு இடம் மாற 6.5 மணி நேரம் போல ஆயிற்று. அதே 1971-இல் இன்னொரு கட்டுரையில் இருவரும் பக்கவாட்டு ஓட்டத்தையும் பார்த்தார்கள். அதே அடுக்குக்குள் பக்கத்தில் நகர்வது மட்டும் மிக வேகம், பாக்டீரியா ஒன்றின் நீளத்தை ஒரு லிப்பிட் ஓரிரு நொடிகளில் கடந்துவிடும். ஒரு திசையில் நொடிகள், குறுக்கே மணிக்கணக்கு. சவ்வு என்றால் என்ன என்பதைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரிய பகுதி இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கிவிடுகிறது.

கோர்ன்பெர்க் அதோடு சவ்வை விட்டுவிட்டார். கேம்பிரிட்ஜ் போய் குரோமாட்டின் பக்கம் திரும்பி, டி.என்.ஏ. எப்படிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் முக்கியமான வேலை செய்து, டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. எழுதும் புரதமான ஆர்.என்.ஏ. பாலிமரேஸுக்காக 2006-இல் வேதியியல் நோபல் வாங்கினார். ஒரு லிப்பிட் குழுவில் பி.எச்டி. செய்தால் வாழ்நாள் முழுக்க லிப்பிட்டோடேயே இருக்க வேண்டும் என்ற பயம் உங்களுக்கு இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கதை அங்கே முடியவில்லை. பிலிப் டெவோ என்ற பிரெஞ்சுக்காரர் அதே காலத்தில் போஸ்ட்டாக்காக அந்தக் குழுவில் இருந்தார், பக்கவாட்டு ஓட்டத்தின் வேகத்தை ஸ்பின் லேபிளால் அளந்ததில் அவர் பங்கு பெரியது. பாரிஸ் திரும்பியபின், 1984-இல் மிஷேல் சென்யுரேயோடு சேர்ந்து, அதே ஸ்பின் லேபிள் முறையை மனித ரத்தச் சிவப்பணுக்களில் பயன்படுத்தினார். உயிருள்ள செல்லில் சில வகை லிப்பிட்களை வெளி அடுக்கிலிருந்து உள் அடுக்குக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு புரதம் இருக்கிறது, அது செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்து இந்த வேலையைச் செய்கிறது என்று காட்டினார். ஸ்டான்ஃபோர்டு வெசிக்கிள்களில் தானாக நடக்க மணிக்கணக்கில் எடுத்த விஷயம் செல்லில் புரதத்தின் கட்டுப்பாட்டில் நடக்கிறது. செல் சாகும்போது இந்த ஏற்பாடு கலைந்து, உள்ளே இருக்க வேண்டிய பாஸ்ஃபடைடில் செரீன் என்ற லிப்பிட் வெளியே வருகிறது, அதைப் பார்த்துத்தான் மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் வந்து விழுங்குகின்றன. ஒரு குழுவில் கற்ற கைவேலையை வேறு ஊருக்கு எடுத்துப் போன ஒருவர், முந்தைய கேள்வியின் மறுபாதியைத் திறந்துவிட்டார். ஹப்பெலும் அப்படித்தான், பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில், புரதத்தில் தான் விரும்பும் இடத்தில் மட்டும் லேபிளை வைக்கும் முறையை வளர்த்து, கண்ணில் ஒளியை உணரும் ரோடாப்சின் என்ற புரதம் ஒளிபட்டதும் எப்படி அசைகிறது என்று பார்த்தார்.

நான் சொல்ல வருவது இதைத்தான்: இந்த மாதிரிக் குழுவில் உறுப்பினர் பட்டியலை ஒரே ஒரு நாளின் போட்டோவாகப் பார்க்காதீர்கள். முன்னால் இருந்தவர்கள், இப்போது இருப்பவர்கள், இங்கிருந்து போனவர்கள் என்று மூன்று தலைமுறையாகப் பாருங்கள். குழுவின் தரம் தலைவரின் பரிசுகளில் இருப்பதைவிட அதிகமாக இந்தக் கைமாறலில்தான் இருக்கிறது.

மெக்கானல் குழுவிலிருந்தே இன்னொரு கிளை. 1980களில் அவர் நோய் எதிர்ப்பியல் பக்கம் போனார். டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இன்னொரு செல்லின் சவ்வைத் தொட்டு அடையாளம் காண்கின்றன, அந்த இன்னொரு செல்லுக்குப் பதில் கண்ணாடித் தகட்டின் மேல் ஒரு சவ்வைப் படியவைத்துக் கொடுத்தால் போதுமா என்று பார்த்தார்கள். போதும் என்று தெரிந்தது. 1985-இல் லூகாஸ் டாம் என்ற போஸ்ட்டாக்கோடு மெக்கானல் எழுதிய கட்டுரை கண்ணாடி மேல் படிந்த இரட்டை அடுக்கின் பண்புகளை விவரித்தது, இன்று உலகெங்கும் சாதாரணமாகச் செய்யும் வேலை அது. அதற்குப் பின் நீர்ப்பரப்பின் மேல் மிதக்கும் ஒற்றை அடுக்குகள். 1990களின் பிற்பகுதியில் சாரா கெல்லர் என்ற போஸ்ட்டாக் அங்கே வந்தார். பிரின்ஸ்டனில் பி.எச்டி., சவ்வின் வளையும் இயல்பு ஒரு அயனிக் கால்வாயின் (சவ்வு வழியே அயனிகளை விடும் மூலக்கூறின்) வேலையை எப்படி மாற்றுகிறது என்பது அவர் செய்த வேலை. ஸ்டான்ஃபோர்டில் அவரும் மெக்கானலும் மற்றவர்களும் ரத்தச் சிவப்பணுக்களின் லிப்பிட்களை எடுத்து நீர்மேல் பரப்பியபோது அவை ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களாகப் பிரிந்தன. 1998-இல் வெளிவந்தது.

2000-இல் கெல்லர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறைக்குப் போனார், சொந்தக் குழு. அதன் ஆரம்பகால மாணவர்களில் ஒருவர் சாரா வீச். கேள்வி நேரடியாக முந்தையதன் தொடர்ச்சிதான்: ஒற்றை அடுக்கில் பார்த்த திரவப் பிரிவு, நிஜ சவ்வு போன்ற இரட்டை அடுக்கிலும் நடக்குமா? அந்த நேரத்தில் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் நிறைந்த தீவுகள், "ராஃப்ட்"கள், இருக்கின்றன என்று சைமன்ஸும் இகோனெனும் 1997-இல் எழுதிய கட்டுரையால் துறையே பரபரப்பாக இருந்தது, ஆதரித்தும் எதிர்த்தும் சண்டை.

வீச்சின் வேலை கைவேலை. நிறைவுற்ற லிப்பிட் ஒன்று (41 டிகிரியில்தான் உருகும் டி.பி.பி.சி.), நிறைவுறாத லிப்பிட் ஒன்று (பூஜ்யத்துக்கும் கீழேயே உருகிவிடும் டி.ஓ.பி.சி.), அதோடு கொலஸ்ட்ரால். மூன்றையும் குளோரோஃபார்மில் கரைத்து, மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி, வெற்றிடத்தில் காயவைத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவில் நீரை நிரப்பி, சூடாக வைத்து, சில வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால் பத்துப் பதினைந்து மைக்ரான் அகலப் பெரிய வெசிக்கிள்கள் முளைத்து வரும். துளி அளவு ஒளிரும் சாயம் சேர்த்தால் மைக்ராஸ்கோப்பில் ஒரே சீரான வட்டமாகத் தெரியும். குளிர்விக்கும்போது ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் பரப்பெங்கும் கருப்பு வட்டங்கள் தோன்றும், அலையும், மோதினால் ஒன்றாகிவிடும், ரசத்தின் மேல் மிதக்கும் நெய்த்துளிகள் மாதிரி. மறுபடி சூடாக்கினால் எல்லாம் கரைந்து ஒன்றாகும். எந்தக் கலவை விகிதத்தில் எந்த வெப்பநிலையில் இது நடக்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்து வரைபடம் போட்டார்கள். 2002, 2003-இல் வந்த அந்த இரண்டு கட்டுரைகளைத் தெரியாதவர் இந்தத் துறையில் இல்லை. மேதைத்தனத்தைவிடப் பொறுமைதான் அந்த வரைபடத்தில் எனக்குத் தெரிகிறது, நான் அதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

சரி, இப்போது இயற்பியல்காரர் எங்கே வருகிறார்? இங்கேதான். இந்த வரைபடத்தில் ஒரு எல்லை முனை (கிரிட்டிகல் பாயின்ட்) இருக்கிறது, அங்கே இரண்டு திரவங்களுக்கும் உள்ள வித்தியாசமே மறைந்துவிடும். எம்.எஸ்சி. ஸ்டாட் மெக்கில் (புள்ளியியல் இயக்கவியலில்) ஐசிங் மாதிரி படித்திருப்பீர்கள், ஒரு கட்டத்தில் மேலே அல்லது கீழே நோக்கும் ஸ்பின்கள், பக்கத்தில் இருப்பவை ஒரே திசையை விரும்பும். ஆன்சாகர் 1944-இல் இரு பரிமாணத்துக்குத் தீர்த்தார் என்று போர்டில் எழுதிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பார். சவ்வு ஒரு இரு பரிமாணத் திரவம், மூலக்கூறு இந்த வகை அல்லது அந்த வகை. அப்படியானால் எல்லை முனைக்கு அருகில் அதே எண்கள் வர வேண்டும், லிப்பிட்டின் வேதியியல் என்னவாக இருந்தாலும். கெல்லர் குழுவில் ஆரேலியா ஹானர்கேம்ப்-ஸ்மித் என்ற மாணவி இதை அளந்தார், 2008-இல் வெளிவந்தது. வெப்பநிலையை ஒரு டிகிரியின் சின்னப் பின்னம் அளவுக்குக் கட்டுப்படுத்திக்கொண்டு, எல்லை முனையை நெருங்கும்போது வெசிக்கிளின் பரப்பில் தோன்றி மறையும் திட்டுகளைப் படமெடுத்தார். திட்டுகளின் சராசரி அகலம் வெப்பநிலை வித்தியாசத்தோடு எப்படி மாறுகிறது, இரண்டு திரவங்களின் வித்தியாசம் எப்படி மறைகிறது, இந்த இரண்டுக்கும் அடுக்கெண்கள் கிடைத்தன. ஐசிங் சொல்வது முறையே 1, 1/8. அளந்தவை பிழை எல்லைக்குள் அவற்றோடு ஒத்துப்போயின. பாடப்புத்தகத்தில் கணக்காக மட்டும் பார்த்ததை ஒரு சோப்புக் குமிழ் போன்ற பொருளில், சாதாரண மைக்ராஸ்கோப்பில், கண்ணால் பார்க்கலாம் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் விஷயம்.

இதற்கிடையே வீச் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு போஸ்ட்டாக்காகப் போயிருந்தார். அங்கே பார்பரா பேர்ட், டேவிட் ஹோலோவ்கா, வாட் வெப் ஆகியோரோடு. வெப் ஒளியியலில் பெரிய கை, மற்ற இருவர் ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல் வகையைச் சேர்ந்த செல்களில் சிக்னல் எப்படிக் கடத்தப்படுகிறது என்று பல வருடமாகப் பார்த்து வந்தவர்கள். அந்தச் செல்களின் வெளிச்சவ்வைக் கொப்புளமாகக் கிளப்பிப் பிரித்தெடுத்தால், புரதங்களும் லிப்பிட்களுமாக நூற்றுக்கணக்கான வகை மூலக்கூறுகள் கொண்ட நிஜ சவ்வு கையில் கிடைக்கும். அதைக் குளிர்வித்தபோதும் அதே மாதிரியான ஏற்ற இறக்கங்கள், அறை வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே, 22 டிகிரி வாக்கில். அதை வைத்து ஒரு கணக்கு போடலாம், நீங்களே போட்டுப் பாருங்கள்: மூலக்கூறின் அளவு ஏறக்குறைய 1 நானோமீட்டர், எல்லை வெப்பநிலை 295 கெல்வின், உடல் வெப்பநிலை அதைவிட 15 கெல்வின் அதிகம், அடுக்கெண் 1, எனவே 295-ஐ 15-ஆல் வகுத்தால் சுமார் 20 நானோமீட்டர். அதாவது 37 டிகிரியில் நிலையான தீவுகள் தேவையில்லை, 20 நானோமீட்டர் அளவில் சேர்ந்து கலையும் திட்டுகள் போதும். ராஃப்ட் சண்டையில் யாரும் ஏன் அவற்றைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் காணவில்லை என்பதற்கு இது ஒரு நேர்மையான விளக்கம். எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன், செல்லுக்குள் சவ்வோடு ஒட்டியிருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளின் வலையின் பங்கைப் பெரிதாகக் கருதுகிறவர்கள் இருக்கிறார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கணக்கை ஒரு உயிரியலாளர் மட்டும் இருந்தால் போட்டிருக்க மாட்டார், ஒரு இயற்பியலாளர் மட்டும் இருந்தால் அந்தச் சவ்வைப் பிரித்தெடுத்திருக்க முடியாது.

சியாட்டில் குழுவின் அடுத்த கட்டம் உயிருள்ள செல். ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையின் சவ்வில் இதே வட்டங்கள் தெரிகின்றன. அதே பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் இருக்கும் அலெக்சி மெர்ஸின் கூட்டோடு, அவை நிஜமாகவே மீளக்கூடிய திரவப் பிரிவுதான், சூடாக்கினால் கலந்து குளிர்வித்தால் பிரிகின்றன என்று 2017-இல் காட்டினார்கள். 2022-இல் இன்னும் ஒரு படி: ஈஸ்ட்டை எந்த வெப்பநிலையில் வளர்த்தாலும், அதற்குச் சுமார் 15 டிகிரி மேலே கலக்கும்படி அது தன் சவ்வை மாற்றிக்கொள்கிறது. இந்த வேலைக்கு ஈஸ்ட் வளர்க்கத் தெரிந்தவர் வேண்டும், மரபணு மாற்றத் தெரிந்தவர் வேண்டும், படங்களிலிருந்து எண் எடுக்க நிரல் எழுதுபவர் வேண்டும், வெப்ப இயக்கவியல் புரிந்தவர் வேண்டும். நீங்கள் பார்த்த பட்டியல் ஏன் அப்படிக் கலந்திருந்தது என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பட்டியலில் பலர் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் பெயர்கள் சில உண்டு, ரிசர்ச் அசோசியேட், லேப் மேனேஜர், டெக்னீஷியன் என்று போட்டிருக்கும். அங்கே நின்று பாருங்கள். மாணவர் ஐந்தாறு வருடத்தில் போய்விடுவார், போஸ்ட்டாக் இரண்டு மூன்று வருடம், இவர்கள்தான் இருப்பார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இவான் எவன்ஸ் குழு ஒரு உதாரணம். எவன்ஸ் இன்ஜினியரிங் படித்தவர், மெல்லிய கண்ணாடிக் குழாயால் வெசிக்கிளை உறிஞ்சி அது எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வளைகிறது என்று அளக்கும் முறையை வளர்த்தார். அந்தக் குழுவின் புகழ்பெற்ற அளவீடுகளில் 1990-இலிருந்து பல ஆண்டுகளுக்கு வியெஸ்லாவா ராவிச் என்ற பெயர் இருக்கும். 2000-இல் வந்த கட்டுரையில் முதல் பெயரே அவருடையது: லிப்பிட்டின் வால் (கொழுப்புச் சங்கிலி) நீளம் மாறினாலும் சவ்வை இழுப்பதற்கான விறைப்பு மாறுவதில்லை, ஒரு மீட்டருக்கு 240 மில்லிநியூட்டன் பக்கத்திலேயே நிற்கிறது, ஆனால் வளைப்பதற்கான விறைப்பு நன்றாகவே மாறுகிறது. இன்றும் சிமுலேஷன் செய்கிறவர்கள் தங்கள் மாதிரி சரியா என்று ஒப்பிடுவது இந்த மாதிரி எண்களோடுதான்.

லேபில் பழைய ஆட்களிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை கட்டுரைகளில் பெரும்பாலும் இருக்காது. குளோரோஃபார்ம் பிளாஸ்டிக்கைக் கரைத்து அதன் அழுக்கை லிப்பிட்டோடு கலந்துவிடும், எனவே கண்ணாடி சிரிஞ்சும் டெஃப்லான் மூடியும்தான். நிறைவுறாத லிப்பிட்டைத் திறந்துவைத்தால் காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் அடையும், ஆர்கானோ நைட்ரஜனோ ஊதி, மூடி, ஃப்ரீசரில் வைக்க வேண்டும். சாயத்தின் மேல் விளக்கை அதிக நேரம் அடித்தால் லிப்பிட் சிதைந்து, இல்லாத திட்டுகள் தோன்றும், அது உண்மை முடிவு போலவே அழகாக இருக்கும். இந்தப் பொய்த் திட்டுகளைப் பற்றிக் கார்னெலில் ஜெரால்ட் ஃபைகன்சன் குழு 2007-இல் எழுதியது அவசியம் படிக்க வேண்டியது. பெரிய ஐடியாக்களோடு வந்தவர்கள் இந்தச் சின்ன விஷயங்களில்தான் தடுக்கி விழுவார்கள், அதனால் சேர்ந்த முதல் மாதங்களில் பழைய உறுப்பினர் பக்கத்தில் நின்று கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள், எத்தனை முறை கேட்டாலும் தப்பில்லை.

முழுக்கக் கோட்பாட்டிலிருந்து வந்தவர் வேண்டும் என்றால் கார்னெகி மெலனில் ஜான் நேகல். 1966-இல் பனிக்கட்டியில் மிச்சமிருக்கும் என்ட்ரோபியைக் கணக்கிட்டவர், அப்புறம் லிப்பிட் உருகுவதற்கு மாதிரி எழுதினார், பிறகு தன் மாதிரிக்குத் தேவையான எண்களே நம்பும்படி இல்லை என்று எக்ஸ்ரே சோதனைக்கே இறங்கிவிட்டார், ஸ்டெஃபனி ட்ரிஸ்ட்ராம்-நேகலோடு சேர்ந்து. ஒரு லிப்பிட் சவ்வில் எவ்வளவு பரப்பைப் பிடிக்கிறது என்ற சாதாரணக் கேள்விக்கே டி.பி.பி.சி.க்கு 60-க்குக் கீழே தொடங்கி 70 சதுர ஆங்ஸ்ட்ராம் வரை ஆளுக்கொரு விடை இருந்தது, இவர்கள் 64 பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் இந்த எண் தப்பானால் சிமுலேஷனில் சவ்வின் தடிமனும் வால்களின் ஒழுங்கும் தப்பாகும்.

சரி, குழுத் தலைவர் என்ன செய்வார்? கிராண்ட் (ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பம்) எழுதுவார், பாடம் எடுப்பார், உங்கள் வரைவைத் திருத்துவார், எந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும் என்று சொல்வார். கடைசியாகச் சொன்னதுதான் அவரிடமிருந்து நீங்கள் பெறும் மிகப் பெரிய உதவி. சோதனை மேசையில் அவரை எதிர்பார்க்காதீர்கள், அங்கே உங்கள் ஆசிரியர் சீனியர் மாணவர். அமெரிக்காவில் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், முதலில் நமக்கு வாய் வராது, பழகிவிடும். ஆனால் குரூப் மீட்டிங்கில் "எனக்கு இது ஒத்துக்கொள்ள முடியவில்லை" என்று சொல்லப் பழகுவதுதான் இன்னும் கஷ்டம், அதை யு.ஜி. மாணவர்களே சொல்லும் குழுவாக இருந்தால் நல்ல குழு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது: கட்டுரைகளில் முதல் பெயர் மாணவர்களுடையதா, ஒரே ஆளுடையதாகவே இருக்கிறதா. படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள், பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர் (இதைத் தலைவரிடம் கேட்காதீர்கள், மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள், சொல்வார்கள்). நீங்கள் சேரும்போது உங்கள் முறையைக் கற்றுத்தர ஒரு சீனியர் இன்னும் ஒரு வருடமாவது இருப்பாரா, அல்லது எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்களா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, ஆனால் முதல் இரண்டு வருடம் எப்படிப் போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

வெளிநாடு மட்டும்தான் வழி என்றும் நினைக்க வேண்டாம். பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையத்தில் செல் உயிரியலாளர் சத்யஜித் மேயரும் கோட்பாட்டு இயற்பியலாளர் மதன் ராவும் சேர்ந்து செய்த வேலை, நான் மேலே சொன்ன ஆக்டின் பக்கத்து வாதத்துக்கு முக்கியத் தூண். செல் சவ்வின் சில புரதங்கள் மிகச் சின்னக் கொத்துகளாக இருப்பதற்கு ஆக்டினின் இயக்கமே காரணம், செல் ஆற்றல் செலவழித்து அவற்றைச் சேர்க்கிறது என்பது அவர்கள் நிலைப்பாடு. ஐசிங் கணக்கை எதிர்த்து வாதம் செய்ய விரும்பினால் அங்கிருந்து தொடங்குங்கள். சென்னை ஐ.ஐ.டி. இயற்பியல் துறையில் பி. பி. சுனில் குமார் கம்ப்யூட்டர் சிமுலேஷனில் பல லிப்பிட் கலந்த சவ்வு எப்படி மொட்டு விடுகிறது என்று கோம்பரோடும் லிபோவ்ஸ்கியோடும் 2001-இல் எழுதியது, நிரல் எழுதத் தெரிந்திருந்தால் உங்களுக்கு நேராகப் புரியும்.

உயிரியலுக்கு இப்போதே என்ன செய்யலாம் என்றால், செல் உயிரியல் பாடநூல் ஒன்றில் சவ்வு பற்றிய அத்தியாயங்களை மட்டும் படியுங்கள், மீதியைத் தேவை வரும்போது படித்துக்கொள்ளலாம். அதோடு 2003 வீச்–கெல்லர் கட்டுரையையும் 2008 ஹானர்கேம்ப்-ஸ்மித் கட்டுரையையும் வரி வரியாகப் படித்து, ஒரு ஐசிங் நிரலை நீங்களே எழுதி, எல்லை வெப்பநிலைக்கு மேலே திட்டுகளின் அகலம் எப்படிச் சுருங்குகிறது என்று வரைந்து பாருங்கள். பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது உங்கள் மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் அந்த வரைபடத்தையும், அதைப் பார்த்து உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வியையும் வையுங்கள். அதே மெயிலைக் குழுவில் இருக்கும் இரண்டாம் அல்லது மூன்றாம் வருட மாணவர் ஒருவருக்கும் அனுப்புங்கள், பெரும்பாலும் முதல் பதில் அவரிடமிருந்துதான் வரும்.